சுபேதார் இறங்காத மலை

எங்கள் காக்கையனேந்தலுக்குக் குளிர் வந்தது மத்தியானப் பஸ்ஸில். கத்திரி வெயிலில் களமெல்லாம் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த நேரம், தார் ரோட்டில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத நேரம், பரமக்குடி பஸ் வழக்கம்போல உறுமாமல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என் டீக்கடை முன்னால் நின்றது. உள்ளேயிருந்த சனமெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டும், முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டும், ஒருத்தரையொருத்தர் முறைத்துக்கொண்டும் இறங்கினார்கள். கண்டக்டர் பல் தந்தியடிக்க, "சுபேதாரய்யா, சீக்கிரம் எறங்குங்க சாமி, வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று கெஞ்சினான். எல்லாரும் இறங்கி முடித்த பிறகு, கடைசி ஆளாக, பச்சை டிரங்குப் பெட்டியோடு சாத்தையா அண்ணன் இறங்கினார். அவர் கால் தரையில் பட்டதும் என் அடுப்பு மங்கிப்போனது, மங்கிய அடுப்பிலேயே பால் பொங்கி வழிந்தது. பதறிப்போய்ச் சட்டியைக் கையால் பிடித்து இறக்கினேன், வெதுவெதுவென்றுதான் இருந்தது.

சாத்தையா அண்ணன் எங்கள் ஊர்க்காரர், மீசை முளைத்த வயதில் பட்டாளத்துக்குப் போய் சுபேதார் வரைக்கும் உயர்ந்தவர், வடக்கே பனிமலைச் சண்டையில் ஒரு சிகரத்தைப் பிடித்தவர் என்று டிவியில் பெயர் சொன்னார்கள். அதனால் கொட்டும் மாலையும் ஃபிளெக்ஸ் பேனருமாக ஊரே பஸ் ஸ்டாப்பில் நின்றது. பஞ்சாயத்துத் தலைவர் கோட்டைச்சாமி போட்ட மாலை அண்ணன் கழுத்தில் ஏறியதும் விறைத்துக்கொண்டது, கொட்டுக்காரர்கள் மூச்சு முட்டி உட்கார்ந்தார்கள், வேப்பமரத்து இலைகளில் வெள்ளை வெள்ளையாகப் பனி படிந்தது. அண்ணன் மலையிலிருந்து இறங்கியும் உயரம் அவரோடேயே வந்துவிட்டது என்பதும், அவரைச் சுற்றி ஒரு ரோட்டு அகலத்துக்குள் யார் வந்தாலும் அந்தச் சிகரத்தில் ஏறுகிறார்கள், கிட்டே போகப் போக உயரம் கூடும் என்பதும் எங்களுக்கு அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது. "மிலிட்டரிக்காரன் வந்தா ரம் கொண்டாருவான், இவரு குளிரைக் கொண்டாந்துருக்காரு" என்று கோட்டைச்சாமி சொன்னார், ஊர் சிரித்தது, அதோடு ஆச்சரியம் முடிந்துவிட்டது.

ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற மங்களேஸ்வரி மதினிதான் சிரிக்கவில்லை. வருசக்கணக்காகக் காத்திருந்தவர் அவர். எதிரே வந்த புருசனைப் பார்த்து நாலு எட்டு வைத்ததும் கற்பூரம் அணைந்தது, இன்னும் ரெண்டு எட்டில் கண் இருட்டி அப்படியே சரிந்தார். அண்ணன் ஓடிவந்து தாங்கப் போனவர், தான் கிட்டே போகப் போகத்தான் அவருக்கு மூச்சு முட்டுகிறது என்பது தெரிந்து, பின்பக்கமாகவே நடந்தார். சண்டையில் ஒரு அடிகூடப் பின்வாங்காத மனுசன் சொந்த வாசலில் பின்வாங்கினார். அன்று முதல் அண்ணன் வீட்டுக்குள்ளும், மதினி ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் கடையின் தண்ணீர் டிரம் பக்கத்தில் கட்டில் போட்டும் குடித்தனம் நடத்தினார்கள்.

சண்டையைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், துப்பாக்கியைக் கண்ணால் பார்க்காதவன்தான் நிறையச் சொன்னான். அண்ணன் வாசலில் உட்கார்ந்து, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்குக் கேட்கிறமாதிரி, விட்டுவிட்டுச் சொன்னது கொஞ்சம்தான். அந்த மலைக்கு வரைபடத்தில் வெறும் நம்பர். படுத்த நந்தி மாதிரி இருந்ததால் நம் பையன்கள் நந்திமுதுகு என்று பெயர் வைத்தார்கள். மேலே எதிரி, கீழே இவர்கள், நடுவில் செங்குத்தாகப் பனிப்பாறை. கூட்டிப்போன இளவயசு அதிகாரி முதல் குண்டிலேயே விழுந்துவிட, மிச்சம் பேர் பாறை மறைவில் படுத்தவர்கள் எழவேயில்லை. பயத்தால் இல்லை என்று அண்ணன் அடித்துச் சொல்வார். அந்த உயரத்தில் காற்று பத்தாது, காற்று பத்தாவிட்டால் மூளைக்கு ஒரே ஒரு நினைப்புதான் வரும், இது நல்ல இடம், இங்கேயே படுத்திரு என்று அது சொல்லும், அதைக் கேட்டுப் படுத்தவன் விறைத்தே போவான்.

"ஏறுங்கடான்னு கத்தியிருந்தா ஒருத்தனும் ஏறியிருக்க மாட்டான் சோணை. கத்துறதுக்கு எனக்கும் மூச்சு இல்ல" என்றார்.

அதனால் அவர் கத்தவில்லை. மேலேயிருந்து குண்டு பொழிந்துகொண்டிருக்க, பாறைக்குப் பாறை வயிற்றால் ஊர்ந்து போய், ஒவ்வொருவன் முகத்தோடும் முகத்தை வைத்து, பெயரைச் சொல்லி, ஒரே ஒரு வேலையைக் கொடுத்தார்: சிகரத்தைப் பார்க்காதே, முன்னால் போகிறவன் குதிகாலைப் பார், அது நகர்ந்தால் நீ நகரு, அது நின்றால் நீ நில். எல்லாருக்கும் முன்னால் போகிறவனுக்குப் பார்க்கக் குதிகால் இல்லை, அந்த இடத்தில் அவர் போனார். கையுறை போட்டால் இரும்பு ஆணி பிடிபடாது என்று வெறும் கையோடு பாறையில் ஆணி அடித்து, கயிறு கட்டி, பனிக்காற்றில் ஒரு பகல் முழுக்க ஏறினார்கள். அண்ணனுடைய வலது கையில் ரெண்டு விரல் நுனி அந்தப் பாறையிலேயே போய்விட்டது. எதிரி தலையைத் திருப்பிப் பார்த்தபோது இவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். பிடித்த பிறகு அதைக் காப்பாற்றுவது பிடித்ததைவிடப் பெரிய பாடாக இருந்தது. மறுபக்கச் சரிவிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள், இவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள், கடைசிச் சிப்பாய் டீ குடித்த பிறகுதான் அண்ணன் தன் குவளையைத் தொடுவார்.

அப்புறம் ஒருநாள் வயர்லெஸ்ஸில் கீழேயிருந்து பேசினார்கள். ரெண்டு பக்கமும் பேசி முடித்தாயிற்று, அந்த மலை இனி யாருக்கும் வேண்டாம், இறங்கி வாருங்கள் என்றார்கள்.

"சார்ஜ யாருக்குக் குடுக்கணும்னு கேட்டேன். யாருக்கும் இல்ல, எறங்குன்னாங்க. திரும்பக் கேட்டேன். எறங்குன்னாங்க" என்று அண்ணன் சொல்வார்.

சார்ஜ் கொடுப்பதற்குப் பட்டாளத்து வழக்கம் ஒன்று இருக்கிறது. காவலிடத்தை விட்டுப் போகிறவர் புதிதாக வருகிறவரைக் கூட்டிக்கொண்டு இடம் முழுக்க நடக்க வேண்டும், எந்தக் கல் ஆடும், எந்த மூலையில் காற்று ஆளைத் தள்ளும், எங்கே தலையைத் தூக்கினால் எதிரி கண்ணில் படும் என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும், வந்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு 'எடுத்துக்கொண்டேன், நீங்கள் இறங்கலாம்' என்று வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் மனுசன் இறங்கினான் என்று அர்த்தம். அண்ணன் உயிரோடிருந்தவர்களையும் உயிர் போனவர்களையும் ஒவ்வொருவராக முன்னால் அனுப்பிவிட்டு, கடைசி ஆளாக வெறும் பாறையில் நின்று சுற்றிலும் பார்த்திருக்கிறார், அந்த வார்த்தையைச் சொல்ல அங்கே ஈ காக்கை இல்லை. பூட்ஸ் இறங்கியது, ரயில் ஏறியது, பஸ் ஏறியது. அவர் இன்னும் காவலில்தான் இருந்தார்.

இதையெல்லாம் கேட்டு எங்கள் ஊர் என்ன செய்தது என்று நினைக்கிறீர்கள்? மீன் கொண்டுவந்து வைத்தது. மூக்கையூர்ப் பக்கமிருந்து மீன் கொண்டுவரும் அந்தோணியம்மாள்தான் ஆரம்பித்தாள். "ஐசுக்காரன் வெலய ஏத்திட்டான் மிலிட்டரியண்ணே, ஒங்க செவுத்தோரம் ஒரு ஓரமா வச்சிட்டுப் போறேன்" என்று கூடையை நீளக் கழியால் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். அடுத்து பூக்காரர்கள், அடுத்து பால் சொசைட்டி கேன்கள், அடுத்து கறிக்கடைக்காரர். கோடைக் கல்யாணங்களில் மண்டபத்துக்குப் பின்னால் அண்ணனுக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வேர்க்காமல் சாப்பிடுவார்கள் என்று கண்டுபிடித்தார்கள். தூரம் கொஞ்சம் பிசகினால் பந்தியே வாந்தியெடுக்கும், அதனால் எத்தனை சுவர் தள்ளி உட்கார வைப்பது என்பதில் சமையல்காரர்கள் கைதேர்ந்துவிட்டார்கள். மிளகாய்க் களத்துக்காரர்கள் மட்டும், உன்னால் வற்றல் ஈரம் கோத்துக்கொள்கிறது, கிழக்கே வராதே என்று சண்டைக்கு வந்தார்கள். அண்ணன் யாரிடமும் முடியாது என்று சொல்லவில்லை.

ஊரில் யாராவது செத்துப்போய், பிள்ளைகள் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரவேண்டியிருந்தால், ஐஸ்பெட்டிக்கு எதற்கு வாடகை என்று பிணத்தையும் அண்ணன் பக்கத்தில் கிடத்தினார்கள். மற்ற எதையும்விட இதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. மலையிலிருந்து செத்தவர்களை ஒருத்தர் விடாமல் இறக்கி அனுப்பியவர், இங்கேயும் யார் வீட்டுப் பிணத்துக்கோ பக்கத்தில், முதுகை வளைக்காமல், சாப்பிடாமல், அவர்கள் பிள்ளைகள் வந்து சேரும்வரை காவல் இருந்தார். வந்த பிள்ளைகள் தூரத்திலிருந்து கும்பிடு போட்டார்கள். மதினி ஒருநாள் ரோட்டில் நின்று ஊரைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக என்ன ஐஸ்பெட்டியா? மீனையும் பொணத்தையும் கொண்டாந்து எறக்குறீக. அவுகளே பொணமாப் போய்க்கிட்டு இருக்காக, கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?"

பொய்யில்லை. அந்த உயரத்துக்கு உடம்பு பழகும், ஆனால் அங்கேயே குடியிருக்கத் தாங்காது. சாப்பிட்டது ஒட்டாது, காயம் ஆறாது, தூக்கம் வராது, சதை தானாக உருகும். டிரங்குப் பெட்டியை ஒரு கையால் தூக்கிவந்த மனுசன் ஆடிக்குள் சுவரைப் பிடித்து நடந்தார். இன்னொரு கத்திரி வெயிலுக்கு இருக்க மாட்டார் என்று கண்ணுள்ள எல்லாருக்கும் தெரிந்தது, அவரவர்க்கு அவரவர் மீன்.

மதினி பட்டாளத்து ஆபீசுக்கு நடையாய் நடந்ததில் நகரத்திலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். வட்டத்துக்குள் நாலு அடி வந்ததும் அவருக்கு மூக்கில் ரத்தம் வந்தது, கைக்குட்டையால் பொத்திக்கொண்டே பேசினார்.

"இப்போது அந்த இடத்தில் போஸ்ட்டே கிடையாது சுபேதார். இல்லாத போஸ்ட்டுக்கு எப்படி மாற்று ஆள் அனுப்புவது?"

"இல்லாத போஸ்ட்டு எப்படி சார் குளிருது?" என்று அண்ணன் கேட்டார்.

"அது சீதோஷ்ணம்" என்றார் அதிகாரி.

"யாருக்கும் வேணாத மலைன்னா, அதுல எம் புருசன் மட்டும் எதுக்குய்யா நிக்கணும்?" என்று மதினி ரோட்டிலிருந்து கேட்டார். ஜீப் கிளம்பிவிட்டது.

தேர்தல் வந்ததால் கோட்டைச்சாமிக்கு ஞானம் வந்தது. நம் வீரரை நாமே இறக்குவோம் என்று மைக்செட் கட்டி, சால்வை வாங்கி, தானே சார்ஜ் எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். இடம் முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதற்கு, "அதெல்லாம் பாத்த மாதிரிதான், நீங்க சால்வையப் போத்திக்கங்க" என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை ஓடி, 'எடுத்துக்கிட்டேன்' என்று சொல்லிவிட்டு, சால்வையிலேயே வாந்தியெடுத்து விழுந்தவரை நாலு பேர் தூக்கி வந்தார்கள். உயரம் இம்மி நகரவில்லை. அடுத்த நாள் கூடையைத் தள்ள வந்த அந்தோணியம்மாள், நல்லவேளை என்று மூச்சு விட்டாள்.

அன்றைக்குத்தான் மதினி கட்டிலில் உட்கார்ந்தபடி, ரோட்டைத் தாண்டிக் கேட்டார்: "ஏங்க, அம்புட்டு ஒசரத்துல ஒங்க ஆளுகளுக்கு மட்டும் எப்படி மூச்சு வந்துச்சு?"

"ஒரே நாள்ல வராது மங்களம். கொஞ்சம் ஏறணும், அங்கனயே கெடக்கணும், தலவலிச்சா எறங்கிறணும், மறுபடி ஏறணும். ஒடம்பு தானாப் பழகும்."

மறுநாள் காலையில் மதினி கட்டிலைத் தூக்கித் தண்ணீர் டிரம்முக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டார். அங்கேயே சமைத்தார், அங்கேயே படுத்தார், அங்கேயே வாந்தியெடுத்தார். தலைவலி பொறுக்காவிட்டால் இந்தப் பக்கம் வந்து கிடந்துவிட்டு மறுபடி போனார். பழகியதும் இன்னொரு முழம். ரோட்டுக்கு நடுவில் கட்டில் கிடந்த மாதத்தில் பஸ் டிரைவர்கள் திட்டிக்கொண்டே வளைத்து ஓட்டினார்கள், சிறுசுகள் கைதட்டிச் சிரித்தன, புருசன் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பெண்கள் என் கடை வாசலிலேயே பேசினார்கள். அண்ணன் அந்த மாதங்களில் கல்யாணத்துக்கும் போகவில்லை, கொல்லைக்கும் தூரமாகப் போகவில்லை, தான் அசைந்தால் மதினியின் மலையும் அசையும் என்று வாசற்படியை விட்டு நகராமல் உட்கார்ந்து, நந்திமுதுகில் ஆள் ஏற்றின மாதிரியே மதினியை ஏற்றினார். தண்ணி குடித்தாயா, விரல் நுனி மரத்திருக்கா, அவசரப்படாதே, நேற்று வந்த இடத்திலேயே இன்றைக்கும் இரு. மதினியின் கன்னம் கறுத்து வெடித்தது, உதடு தோலுரிந்தது, மிளகாய் நட்டோம், களையெடுத்தோம், பழம் பறித்தோம், கட்டில் வாசலைத் தொட்டது.

ஒருநாள் காலை அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து குக்கர் விசில் கேட்டது. என் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தோம், ரெண்டு பேர் பேசுகிற சத்தமும் ஒரு சிரிப்பும் வந்தது. எனக்கு மனசு நிறைந்துபோனது.

அந்த நிறைவு சாயங்காலம்வரைதான். சார்ஜைத் தானே எடுத்துக்கொள்வதாக மதினி சொன்னதும் முற்றத்தில் அண்ணன் கத்தினார், வந்த நாளிலிருந்து அவர் கத்தி நாங்கள் கேட்டதில்லை.

"வெளையாட்டா இது? எடுத்தவுக எறங்க முடியாது மங்களம். அடுத்த ஆளு வந்தாத்தான் எறங்கலாம். வராட்டி நீயும் என்னய மாதிரி உருகிப்போவ. என் ஆள ஒருத்தன நான் அப்படி விட்டுட்டு வந்ததில்ல, ஒன்னய விடுவனா?"

"நீங்க அங்க நின்ன காலமெல்லாம் நானும் இங்க ஆளு வருதா வருதான்னுதானங்க நின்னேன்" என்றார் மதினி. "எனக்கு அது புதுசா? ஒங்களுக்கு இனி நிக்கத் தெம்பில்ல. ஏறி வந்த ஆளு நான் ஒருத்திதான். வாங்க, காட்டுங்க."

அண்ணன் எழுந்து, உள்ளே போய், உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தார், அது அவர் மேல் தொளதொளவென்று தொங்கியது. கிணற்றடியைக் காட்டி, இதுதான் தெற்கு பங்கர், இங்கே தலையைத் தூக்கக்கூடாது என்றார். துவைக்கிற கல்லைக் காட்டி, இது ஆடும், மிதிக்காதே என்றார். வேப்பமரத்து மூட்டைக் காட்டி, இங்கேதான் ஜோசப் ராஜன் விழுந்தான், இங்கே பக்கிரிசாமி, இங்கே அந்த அதிகாரிப் பையன் என்றார். மதினி அவசரப்படாமல் ஒவ்வொரு இடத்திலும் நின்று, குனிந்து பார்த்து, பெயர்களைத் திருப்பிச் சொல்லி, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். முழுக்கச் சுற்றி வந்து வாசலில் நின்றதும், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்.

"எடுத்துக்கிட்டேன். நீங்க எறங்கலாம்."

அண்ணன் விறைப்பாக சல்யூட் அடித்தார், விரல் நுனி இல்லாத கையால். ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தார், குளிர் கூட வரவில்லை. டீ கொடுத்தேன், வாயில் வைத்தவர் "சுடுது சோணை" என்றார், அதைச் சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. எதிரே மதினி வாசலில் நின்றிருந்தார், அவரைச் சுற்றி வேப்பிலைகளில் பனி படிந்துகொண்டிருந்தது.

அந்தோணியம்மாள் மறுநாளே கூடையோடு வந்தாள். கோட்டைச்சாமி மகள் கல்யாணத்துக்கு நாற்காலி போடலாமா என்று ஆள் அனுப்பினார். மதினி அண்ணனைப் போல இல்லை, கழியால் தள்ளிய கூடையைக் கழியாலேயே திருப்பித் தள்ளினார்.

"மீனு வைக்க இங்க எடமில்ல. ஏற ஆளு இருந்தா அனுப்புங்க, அடுத்த காவலுக்கு ஆளு வேணும்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார்.

ஒருத்தருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது, ஒருத்தருக்குப் பறிப்பு வேலை இருந்தது, ஒருத்தருக்கு வீட்டில் கேட்க வேண்டியிருந்தது, கோட்டைச்சாமி தீர்மானம் போடலாம் என்றார். நல்ல சோறும் தூக்கமும் கிடைத்து அண்ணன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது; அதே வேகத்தில் மலைக்குப் பழகிய மூச்சு அவரை விட்டுப் போய்விட்டது, ரோட்டைத் தாண்டினாலே தலை சுற்றியது. வாசலில் மதினியின் கன்னத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்த வாரம், கடைக்கு வந்த அண்ணன், நான் தரப்போன டீயை வேண்டாம் என்று கையால் மறித்துவிட்டு, ஒரு கட்டிலைத் தூக்கித் தண்ணீர் டிரம்முக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். அத்தனை பேர் இருந்த எங்கள் ஊரில் மேலே ஏறக் கிளம்பியது, அப்போதுதான் கீழே இறங்கிய அந்த ஒரே ஆள்தான்.